வெயிலுக்கு இட்ட சாயம்

சென்னைக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் செனட் ஹவுஸின் கும்மட்டங்களைப் பார்க்காமல் போக முடியாது. பல்கலைக்கழகத்தின் முகப்பில், கடலைப் பார்த்துக்கொண்டு, ராஜா வேஷம் கட்டிய கூத்தாடி மாதிரி அந்தக் கட்டடம் நிற்கிறது. ஆனால் அதன் அழகில் ஒரு பகுதி சாலையில் போகிறவன் கண்ணுக்கு அகப்படுவதே இல்லை. அதன் வர்ணக் கண்ணாடிகளைத்தான் சொல்கிறேன். வர்ணக் கண்ணாடியின் குணமே அப்படி. வெளியே நின்று பார்த்தால் புகை படிந்த தகடு போல் கறுப்பாக இருக்கும். உள்ளே நுழைந்து, வெயிலுக்கு எதிர்முகமாக நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் அது சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தன்னைக் காட்டும்.

"யார் செய்தது?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் கட்டினது" என்று சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. ராபர்ட் சிஸம் என்ற ஆங்கிலேயர் வரைபடம் போட்டு, 1874-ல் தொடங்கி 1879-ல் முடித்த கட்டடம் அது. ஆயினும் "வெள்ளைக்காரன் கட்டினது" என்ற அந்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஆயிரம் வருஷக் கணக்கு அடிபட்டுப் போகிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

செனட் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. 1768-ம் வருஷம் ஆர்க்காட்டு நவாப் முகம்மதலி வாலாஜா கட்டிக்கொண்ட மாளிகை. நவாபுக்குக் கம்பெனியாரிடமும் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமும் இருந்த கடன், தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கதை சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். 1855-ல் கடைசி நவாப் குலாம் முகம்மது கவுஸ் கான் வாரிசு இல்லாமல் கண் மூடினார். பட்டமும் போயிற்று, அரண்மனையும் சர்க்கார் கைக்குப் போயிற்று. பிறகு அதே அரண்மனைக்கு ரெவின்யூ போர்டு குடியேறியது. போர்டுக்காகக் கூடுதல் கட்டடமும் கோபுரமும் எழுப்பும் பொறுப்பு சிஸம் துரைக்கு வந்தபோது, அவர் நவாபின் மாளிகையை ஒட்டியே, நவாபின் பாணியிலேயே எழுப்பினார். வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு, "ஆஹா, என்ன ரசனையோடு கட்டியிருக்கிறான்!" என்று பாராட்டியவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. பாராட்டியதோடு நிற்காமல் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சிஸம் ஆரம்பத்தில் இந்தப் பாணிக்காரர் அல்ல. கடற்கரையில் பிரஸிடென்ஸி கல்லூரியை அவர் இத்தாலிய மாதிரியில்தான் கட்டினார். அதற்கும் செனட் ஹவுஸுக்கும் நடுவே அவர் மனம் மாறியதற்கு நேப்பியர் பிரபு ஒரு காரணம். 1866 முதல் 1872 வரையில் சென்னையில் கவர்னராக இருந்தவர். இந்த நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் முஸ்லிம் கட்டடக் கலையின் வளைவும் கும்மட்டமும் ஏற்றவை, சர்க்கார் கட்டடங்கள் அந்த வழியில் போகட்டும் என்று 1870-ல் வெளிப்படையாகவே வாதாடினார். கவர்னர் ஒன்று நினைத்துவிட்டால் கட்டடக்காரருக்கும் அதில் அழகு தெரியத் தொடங்குவது சகஜம். ஆனால் சிஸம் விஷயத்தில் அது வெறும் முகஸ்துதியாக நின்றுவிடவில்லை. அவருக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று என்பதற்கு அவர் கட்டியவையே சாட்சி.

அந்தப் பாணிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'இந்தோ ஸாரஸனிக்'. ஸாரஸன் என்பது சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பியர்கள் முஸ்லிம்களுக்கு இட்ட பெயர். அரபி, துருக்கி, பாரசீகம், மொகலாயம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டிய பெயர். பகைவனுக்கு வைத்த பெயரையே பிறகு ஒரு கலைக்கும் வைத்தார்கள்.

சரி, வர்ணக் கண்ணாடி எங்கிருந்து வந்தது? மாதா கோயிலில் ஏசுநாதர், அர்ச்சிஷ்டர்கள் உருவங்களோடு ஒளிரும் பெரிய ஜன்னல்களைப் பார்த்த நமக்கு, இது ஐரோப்பாவின் சொத்து என்ற எண்ணம் ஊறிவிட்டது. அந்த ஜன்னல்களின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. ஆனால் அவை வளர்ந்து பெரிதாவதற்கு வெகு காலம் முன்பே, எட்டாம் நூற்றாண்டில், சிரியா தேசத்துப் பாலைவனத்தில் உமையா வம்சத்துக் கலீபாக்கள் கட்டிய அரண்மனைகளில், சாந்தில் சித்திரப் பின்னலாகச் செதுக்கிய ஜன்னல்கள் இருந்தன. ஹிஷாம் என்ற கலீபா காலத்து மாளிகை ஒன்றின் சாந்து ஜன்னல்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஜெரிக்கோ நகரத்துக்கு அருகே உள்ள இன்னொரு மாளிகையின் இடிபாடுகளில் வர்ணக் கண்ணாடித் துண்டுகளே கிடைத்தன.

இந்த ஜன்னலைச் செய்யும் விதம் வேடிக்கையானது. ஐரோப்பியத் தொழிலாளி கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பான். ஈயம் வளைந்து கொடுக்கும், மெல்லியது. ஆகையால் ஜன்னல் முழுவதும் கண்ணாடியாகவே இருக்கும். கெய்ரோ, டமாஸ்கஸ் நகரத்துத் தொழிலாளி முதலில் ஒரு மரச் சட்டத்துக்குள் சாந்தைக் குழைத்து ஊற்றிப் பலகையாக்குவான். அது முழுக்க இறுகுவதற்குள் கத்தியால் பூவும் கொடியும் கட்டமும் நட்சத்திரமுமாகத் துளையிடுவான். துளைகளை நேராகக் குடைய மாட்டான், சாய்வாகக் குடைவான். ஜன்னல் உயரத்தில் இருக்கும், பார்க்கிறவன் கீழே இருப்பான். வெளிச்சம் அவன் முகத்தை நோக்கி இறங்க வேண்டும் அல்லவா? பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து நீர்த்த சாந்தால் ஒட்டுவான். தீர்ந்தது. சாந்து நிறைய, கண்ணாடி கொஞ்சம். வெயில் அடிக்கும்போது சாந்து மறைந்துபோய், இருட்டில் மாணிக்கமும் மரகதமும் இறைத்தது போல் துளைகள் மட்டும் நிற்கும்.

இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் ஷம்ஸிய்யா, கமரிய்யா. ஷம்ஸ் என்றால் சூரியன். கமர் என்றால் சந்திரன். ஷம்சுதீன், கமருன்னிஸா என்ற பெயர்கள் நம் ஊர்களில் பழக்கமானவைதானே. சூரிய ஜன்னல், சந்திர ஜன்னல்! பெயர் வைக்கத் தெரிந்தவர்கள். இஸ்தான்புல்லில் சுலைமான் சுல்தானின் பெரிய பள்ளிவாசல் 1557-ல் முடிந்தபோது, அதன் கண்ணாடிகளைச் செய்தவர் பெயர் குடிகார இப்ராஹீம் என்று சொல்லி வருகிறார்கள். மதுவை விலக்கிய மார்க்கத்தின் மகத்தான ஆலயத்தில், கிப்லாச் சுவரின் ஒளிக்கு இப்படி ஒரு பெயர்க்காரர் பொறுப்பாளி. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ஈயமும் சாந்தும் அல்ல. வெயிலைப் பற்றிய வித்தியாசம். வட ஐரோப்பாவில் வெளிச்சம் அருமையான சரக்கு. எட்டு மாதம் மேகமும் மூடுபனியும். அங்கே ஜன்னல் என்பது வெளிச்சத்தை ஏந்திக் கொள்ளும் பாத்திரம். எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் வெளிச்சம் பகையாளி. அது வேண்டும், ஆனால் வாசலிலேயே நிறுத்தி, சூட்டை இறக்கிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொல்ல வேண்டும். சாந்து ஜன்னல் அதைத்தான் செய்கிறது. தருமபுரிச் சீமையில் சித்திரை மாதத்தில் பன்னிரண்டு மணி வெயிலில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பியக் கண்ணாடியிலும் ஓர் அரபுக் கடன் ஒளிந்திருக்கிறது. வெள்ளி உப்பைக் கண்ணாடியின் மேல் பூசிச் சூளையில் வைத்தால் பொன் போன்ற மஞ்சள் நிறம் உள்ளேயே ஊறிப் படியும். எகிப்து, சிரியா தேசத்துக் கண்ணாடிக்காரர்கள் இந்த ரகசியத்தை எட்டாம் நூற்றாண்டிலேயே கிண்ணங்களிலும் கோப்பைகளிலும் கையாண்டார்கள். ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்களில் அது தலைகாட்டுவது பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்; பிரான்ஸில் நார்மண்டிப் பகுதியின் ஒரு சிற்றூர்க் கோயிலில் 1313-ம் வருஷத்து ஜன்னல் ஒன்று இருக்கிறது. நடுவே பாலம் போட்டவர் ஸ்பெயினில் காஸ்டில் நாட்டை ஆண்ட பத்தாவது அல்ஃபோன்ஸோ மன்னர் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் அரபு நூல்களைத் தம் மொழியில் பெயர்க்கச் செய்தார். 'சாயமேற்றிய கண்ணாடி' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே இந்த வெள்ளிச் சாயத்தால் வந்தது. தேவதூதர்களின் தலைமுடிக்கும் அரசர்களின் கிரீடத்துக்கும் பொன்னிறம் பூசிய கை கிறிஸ்தவனுடையது, பூச்சு முஸ்லிமுடையது.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் இன்னும் ஒரு படி மேலே போனார். கூர்மாட வளைவுகளோடு நிற்கும் 'காதிக்' பாணிக்குப் பொருத்தமான பெயர் ஸாரஸன் பாணி என்பதே என்றும், சிலுவைப் போருக்குப் போனவர்கள் கொண்டுவந்த சரக்கு அது என்றும் அவர் எழுதி வைத்தார். அவர் இறந்து இருபத்தேழு வருஷம் கழித்து, 1750-ல், அது அச்சாயிற்று. முழுக்க முழுக்க அவர் சொன்னபடி நடக்கவில்லை என்று பிற்கால அறிஞர்கள் சொல்வார்கள். இருந்தாலும், ஆங்கிலேயரின் தலைசிறந்த கட்டடக்காரரே இப்படிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது சாமானியமா?

இந்தச் சரித்திரத்தில் எங்கள் சீமைக்கும் ஓர் ஓரத்து இடம் உண்டு. எங்கள் நல்லம்பள்ளி, தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கே, தருமபுரிக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஊர். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துக்குப் பெயர் பாராமகால். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு மாறியது. துப்பாக்கிச் சத்தம் அடங்கின அதே வருஷத்தில் தாமஸ் டேனியல் என்ற ஓவியர் தம் அண்ணன் மகன் வில்லியமோடு இந்த மலைக்கோட்டைகளைப் படம் எழுதிக்கொண்டு திரிந்தார். ராயக்கோட்டையை அவர் எழுதிய படத்தைப் பார்த்தால், கல்லாங்குத்தும் மேகமும் இன்றைக்கும் அப்படியே இருப்பது தெரியும்.

அந்த டேனியல் ஊர் திரும்பி, தாம் பார்த்த கோயில், மசூதி, கல்லறைகளையெல்லாம் அச்சிட்டு இங்கிலாந்தின் பணக்காரர்களுக்குக் கிறுக்குப் பிடிக்கச் செய்தார். கம்பெனி உத்தியோகத்தில் செல்வம் சேர்த்த சார்லஸ் காக்கரல் என்பவர் 1805-ம் வருஷ வாக்கில் க்ளௌஸ்டர் பிரதேசத்தில் ஸெஸின்காட் என்ற இடத்தில் ஒரு மாளிகை கட்டினார். வரைபடம் அவர் சகோதரருடையது; யோசனை டேனியலுடையது. தாமிரக் கும்மட்டம், மொகலாய வளைவுகள். தோட்டத்தில் சூரிய பகவானுக்கு ஒரு கோயில். பாலத்தின் மேல் நந்திகள்! செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் ஜன்னல்கள் மேலே மயில் தோகை விரித்தாற்போல் விசிறி விசிறியாக இருக்கின்றன. அதைப் பார்த்துப் பின்னால் அரசரான இளவரசர் ஆசைப்பட்டார். பிரைட்டன் கடற்கரையில் அவருடைய மாளிகை 1815-க்கும் 1822-க்கும் இடையே ஒரு கும்மட்டக் கூட்டமாக மாறியது. திப்புவை வென்ற தேசம் திப்புவின் மாதிரி வீட்டில் குடியிருக்க ஆசைப்பட்டது.

அடுத்த அலை ஸ்பெயினிலிருந்து அடித்தது. கிரனாடா நகரத்து அல்ஹம்ரா அரண்மனையை 1834-ல் ஓவன் ஜோன்ஸ் என்ற இளைஞர் அங்குலம் அங்குலமாக அளந்து வரையத் தொடங்கினார். கூட வந்த பிரெஞ்சு நண்பர் ழூல் கூரி அங்கேயே காலராவில் மாண்டார். இவர் விடவில்லை. புத்தகமாக வெளியிட்டார், 1854-ல் லண்டனுக்கு வெளியே ஸைடன்ஹாமில் எழுந்த ஸ்படிக மாளிகைக்குள் அல்ஹம்ராவின் ஒரு முற்றத்தையே கட்டிக் காட்டினார். இதில் ஒரு பரிதாபம் உண்டு. 1590-ல் பக்கத்திலிருந்த வெடிமருந்துச் சாலை வெடித்தபோது அல்ஹம்ராவின் வர்ணக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை பொடிப்பொடியாகிவிட்டன. லிண்டராஹா என்ற சிறு மாடத்தின் கூரையில் மட்டும் பழைய கண்ணாடி மிஞ்சியது. ஐரோப்பா அண்ணாந்து பார்த்து மயங்கியதெல்லாம் பெரும்பாலும் பறவை போன கூட்டைத்தான்.

பறவையோடு சேர்த்துக் கூட்டையே தூக்கிக்கொண்டு வந்தவர் ஃபிரடெரிக் லெய்ட்டன். லண்டனில் பிரபலமான ஓவியர். 1877-ல் தம் வீட்டோடு ஓர் அரபுக் கூடம் கட்ட ஆரம்பித்தார். ஜார்ஜ் எய்ச்சிஸன் வரைபடம் போட்டார். சுவருக்கு டமாஸ்கஸ் ஓடுகள்; நடுவில் நீரூற்று; மேலே கும்மட்டத்தைச் சுற்றிக் கீழ்த்திசை வர்ணக் கண்ணாடி. லண்டன் மாநகரத்துப் புகையும் மூட்டமும் நிறைந்த வானத்தின் கீழே, வெயிலைத் தணிப்பதற்கென்று பிறந்த ஜன்னல்! தணிப்பதற்கு அங்கே என்ன இருந்தது? அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குளிர்காலத்தில் விசிறி வாங்கி மாட்டினவர் வீட்டு அழகு.

இப்போது வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லெய்ட்டனின் அரபுக் கூடம் எழும்பிக்கொண்டிருந்த அதே சமயத்தில் சென்னையில் செனட் ஹவுஸ் முடிந்துகொண்டிருந்தது. பாரசீகத்தில் ஷீராஸ் நகரத்தில், காலை வெயில் கம்பளத்தின் மேல் வானவில்லாக விழுகிறதே, அந்த நாஸிருல் முல்க் பள்ளிவாசலை 1876-ல் தொடங்கி 1888-ல் முடித்தார்கள். மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆசை. ஷீராஸ் தன் பாட்டன் சொத்தைத் தானே அனுபவித்தது. லண்டன் விலைக்கு வாங்கி வைத்தது. சென்னைக்கு அது எப்படி வந்தது? அரபிக்கடல் வழியாக நேரே வந்திருக்க வேண்டிய சரக்கு, கிரனாடா சுற்றி, லண்டன் சுற்றி, ஒரு துரையின் வரைபலகை வழியாக வந்தது. தொழிலும் ஐரோப்பியத் தொழில். வளைவு மட்டும் நவாபு வீட்டு வளைவு.

ஆனாலும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வந்த வழி சுற்று வழியாயினும் வந்து சேர்ந்த இடம் சரியான இடம் என்பேன். லண்டனில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. காலையில் வங்காளக் கடலிலிருந்து ஏறும் வெயிலுக்கு முன்னால் நிற்கும் மண்டபம் அது. தாழ்வாரம் பாதி வெயிலை வாங்கிக்கொள்ளும். கண்ணாடி மீதியைச் சாயம் போட்டு உள்ளே அனுப்பும். பட்டமளிப்பு விழாக்களில் கறுப்பு அங்கியோடு உட்கார்ந்திருந்த எத்தனை தலைமுறைப் பட்டதாரிகள் தலையில் அந்த நிறங்கள் விழுந்திருக்கும்! 1937-ல் ராஜாஜி பிரதமராக வந்தபோது சட்டசபை கூடியதும் அங்கேதான்.

சிஸம் போட்ட வழியில் அடுத்து வந்தவர் ஹென்ரி இர்வின். பிராஸிங்டன் என்பவர் போட்ட வரைபடத்தை மாற்றி வளர்த்து, சென்னை ஹைகோர்ட்டை 1892-ல் முடித்தார். அங்கேயும் வர்ணக் கண்ணாடி உண்டு. கக்ஷிக்காரர்கள் அதை எவ்வளவு தூரம் ரசித்திருப்பார்கள் என்பது சந்தேகந்தான் என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் என் சிறு வயதில் ஒரே ஒரு வீட்டில்தான் வர்ணக் கண்ணாடி இருந்தது. பழைய புளி மண்டிக்காரர் வீடு. வாசல் நிலைக்கு மேலே அரை வட்டமாக ஒரு வளைவு. அதில் விசிறி மடிப்பாக ஏழு துண்டுகள். காலை எட்டு மணிக்கு நடையில் ஏழு நிறமும் விழும். நாங்கள் போய் உள்ளங்கையை நீட்டி, "எனக்கு ரத்தம், உனக்கு மஞ்சள்" என்று பங்கு போட்டுக்கொள்வோம். அந்த வீட்டுப் பாட்டியம்மாளை ஒரு நாள், "இதை யார் ஆத்தா வச்சது?" என்று கேட்டேன். "எங்க மாமனாரு. மெட்ராஸ் ஐக்கோர்ட்டுக்குக் கேஸுக்குப் போனாரு. நாலு ஏக்கரா போச்சு, இந்தக் கண்ணாடி வந்துச்சு" என்றாள்.

நாலு ஏக்கராவை இழந்து நிற்கிற மனிதன், தீர்ப்புக் கேட்டுவிட்டு வெளியே வருகிறபோது தலைக்கு மேலே எதையோ பார்த்து, இது என் வீட்டு வாசலிலும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். ஸெஸின்காட் மாளிகைக்காரர் மயில் தோகை ஜன்னல் வைத்ததற்கும் இதற்கும் பெரிய பேதம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் வென்றவர் பக்கத்து மனிதர், இவர் தோற்றவர். ஸாரஸன் என்ற வார்த்தையை அந்த மண்டிக்காரர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

கண்ணாடி கல் அல்ல; பிழைப்பது கஷ்டம். செனட் ஹவுஸ் பல வருஷம் பூட்டிக் கிடந்து, புறா அடைந்து, பிறகு பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாவது ஆண்டை ஒட்டி, 2007-ம் வருஷ வாக்கில் பழுது பார்க்கப்பட்டுக் கண்ணாடிகளும் புத்துயிர் பெற்றன. நவாபின் கலஸ் மகாலுக்கு 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இடிந்து விழுந்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். இடித்துத் தள்ளிவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். நல்ல வேளையாகச் சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு பழையபடியே எடுத்துக் கட்டினார்கள்.

இர்வின் கட்டியவற்றில் கண்ணாடிக்காகவே போய்ப் பார்க்க வேண்டியது மைசூரில் இருக்கிறது. 1897-ல் அரச குடும்பத்துக் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோக, புதிய அரண்மனை 1912-ல் முடிந்தது. அதன் எண்கோணக் கல்யாண மண்டபத்தின் மேல் முழுக்க வர்ணக் கண்ணாடிக் கூரை. தாமரையும் மயிலுமாக இழைத்தது. மயில்களை வரைந்தவர்கள் மைசூர்ச் சித்திரக்காரர்கள். கண்ணாடியும் அதைத் தாங்கும் இரும்புத் தூண்களும் வந்தது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து வால்டர் மக்ஃபர்லேன் கம்பெனியிலிருந்து. அவர்கள் தொழிற்சாலையின் பெயர் என்ன தெரியுமா? ஸாரஸன் வார்ப்படச் சாலை! முஸ்லிம் கலைமேல் கொண்ட மோகத்தால் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் ஆரம்பித்த சந்துக்குப் பெயர் ஸாரஸன் சந்து. அந்தச் சந்துக்கு அங்கிருந்த ஒரு சத்திரத்தால் பெயர். சத்திரத்தின் பெயர் 'ஸாரஸன் தலை'. சிலுவைப் போர் ஞாபகமாக இங்கிலாந்து முழுவதும் இப்படி விடுதிகள் உண்டு. வெட்டின தலையைப் பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட்டவர்களின் ஊரிலிருந்து ஸாரஸனிக் அரண்மனைக்குக் கண்ணாடி கப்பலேறியது.

அந்தத் தொழிற்சாலையை 1967-ல் மூடிவிட்டார்கள். மைசூரில் மயில்கள் இருக்கின்றன. தசராவுக்குத் தருமபுரிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள், கழுத்து வலிக்கிற வரையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் தள்ளின பிறகுதான் நகர்கிறார்கள்.